போலி முகவரியும் பொது நம்பிக்கையும்



தாம் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைப் பிறருடைய அறிவு வளர்ச்சிக்கென ஒதுக்கி வைத்து, ஆண்டுதோறும் ஒருவரை அழைத்து ஜனங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயத்தைப் பேசச் செய்ய வேண்டும் என்று கருதிய பெரியோர்களின் தர்ம சிந்தனைக்கு முதற்கண் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். இலக்கியமும் சரித்திரமும் தத்துவமும் பேசப்பட்டு வரும் இத்தகைய மேடையில் இணைய முகவரிகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற சந்தேகம் சிலருக்கு எழலாம். ஓய்வூதியம் பெறும் முதியவரும், கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் மாணவியும், மின்கட்டணம் செலுத்தும் இல்லத்தரசியும் இன்று தம் பொருளையும் அந்தரங்கத்தையும் ஒரு வரி எழுத்தை நம்பியே ஒப்படைக்கிறார்கள். அந்த ஒரு வரியில் ஓர் அட்சரத்தை மாற்றியோ, ஒரு புள்ளியை இடம் பெயர்த்தோ, அவர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்ததை நொடியில் கவர்ந்து செல்லும் தொழில் உலகெங்கும் நடைபெறுகிறது. எழுத்தைப் போற்றுகிறவர்கள் கூடியிருக்கும் சபையில் எழுத்தால் நிகழும் இந்த அநியாயத்தை எடுத்துரைப்பது பொருத்தமே என்பது என் துணிபு.

1. முகவரியின் அமைப்பு

இணையத்திலுள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களைக் கொண்டே அறிகின்றன. நீண்ட எண்கள் மனிதருடைய நினைவில் நிலைப்பதில்லையாதலால், எண்ணுக்கு ஈடாகப் பெயர் வைக்கும் வழக்கம் ஆதிநாளிலேயே தோன்றிற்று. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதைக் கூறும் ஒற்றை அட்டவணை கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்பட்டது. மற்றக் கணினிகள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகி அந்த அட்டவணை தாங்காத நிலை வந்தபோது, பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் 1983-ஆம் ஆண்டில், பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து ஒவ்வொரு கிளையின் அதிகாரத்தையும் தனித்தனியே ஒப்படைக்கும் முறையை வகுத்தார். நாம் இன்றும் அதையே பயன்படுத்துகிறோம்.

இம்முறையின் உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. அதை அறியாதவரே பெரும்பாலும் மோசம் போகிறார்கள். முகவரியில் அதிகாரம் வலப்புறத்திலிருந்து இடப்புறமாக இறங்கி வருகிறது. வலக்கோடியிலுள்ள 'காம்', 'இன்' போன்ற ஈற்றுப் பெயர் பெரிய நாட்டைப் போன்றது. அதற்கு இடப்புறம் அடுத்து நிற்பது ஊர். அதற்கும் இடப்புறம் வருபவை தெருவும் வீடும். அஞ்சல் பிரிப்பவர் உறையின் கடைசி வரியிலுள்ள ஊரையும் குறியீட்டெண்ணையும் முதலில் நோக்குகிறார். முதல் வரியிலுள்ள பெயரை வீதிக்கு வந்து சேர்ந்த தபால்காரர்தாம் நோக்குகிறார். இணையமும் அவ்வாறே கடைசியிலிருந்து வாசிக்கிறது. நம் கண்ணோ இடப்புறத்தில் தொடங்கி, தெரிந்த பெயர் ஒன்று தென்பட்டவுடன் மேலே வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. இயந்திரம் வாசிக்கும் திசைக்கும் மனிதர் வாசிக்கும் திசைக்கும் உள்ள இந்த வேற்றுமையே மோசக்காரருக்கு வாய்த்த மூலதனம்.

இன்னொரு விஷயமும் நினைவில் வைக்கத் தக்கது. 'காம்' போன்ற பொது ஈறுகளின்கீழ், வேறொருவர் பதிவு செய்யாத எந்தப் பெயரையும் சில நூறு ரூபாய் செலுத்தி எவரும் பதிவு செய்துகொள்ளலாம். எந்த நோக்கத்துக்காக வாங்குகிறீர் என்று விற்பவர் சாதாரணமாக விசாரிப்பதில்லை. இந்தச் சுதந்திரத்தால் எளியவர்களுக்கும் இணையத்தில் இடம் கிடைத்தது உண்மை. அதே சுதந்திரம் கயவர்க்கும் கதவைத் திறந்துவிட்டது.

2. ஏமாற்றின் வகைகள்

இவ்வகை மோசங்களை நான்காகப் பகுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, விரல் தவறுவதை எதிர்நோக்கிக் காத்திருப்பது. தட்டச்சில் எழுத்து முன்பின்னாக விழுவதும், ஓர் எழுத்து விடுபடுவதும், ஒன்று இரட்டிப்பதும் மனித இயல்பு. ஜான் சுக்கரீனி என்னும் அமெரிக்கர் இத்தகைய பிழை வடிவங்களை ஆயிரக்கணக்கில் பதிவு செய்து, தவறி வந்தவர்களை விளம்பரங்களுக்குள் தள்ளி, ஒவ்வொரு சொடுக்குக்கும் 10 முதல் 25 சென்ட் வரை கூலி பெற்றார். டிஸ்னிலேண்டையும் தமக்குப் பிரியமான சித்திரத் தொடர்களையும் தேடி வந்த குழந்தைகள் ஆபாசப் பக்கங்களுக்கு இழுத்துச் செல்லப்பட்ட கொடுமையும் அவருடைய பெயர்களால் நிகழ்ந்தது. குழந்தைகளை இவ்வாறு வஞ்சிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. அவ்வாண்டே கைதான அவருக்கு 2004-இல் 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டாவது, உருவத்தால் ஒத்த எழுத்தை மாற்றி வைப்பது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 'ஐ', சிறிய எழுத்து 'எல்', எண் ஒன்று ஆகிய மூன்றும் பல அச்செழுத்துகளில் ஒரே நெடுங்கோடாக நிற்கின்றன. 'ஆர்', 'என்' என்னும் சிறிய எழுத்துகள் இரண்டும் நெருங்கி நின்றால் 'எம்' போலத் தோன்றுகின்றன. பேபால் என்னும் பணப் பரிமாற்ற ஸ்தாபனத்தின் பெயரில் கடைசியிலுள்ள 'எல்'லை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பெரிய 'ஐ'யை வைத்து அமைத்த போலித் தளம் 2000-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. நம் நாட்டில், 2020 மார்ச் மாதக் கடைசியில், கொள்ளைநோய்க் காலத்துக்கென பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட உடனேயே, அதன் யு.பி.ஐ. முகவரியிலிருந்து ஈற்றிலுள்ள 'எஸ்' என்ற ஓர் எழுத்தை மட்டும் நீக்கிய போலி முகவரி உலவத் தொடங்கிற்று. கருணையால் கொடுக்க வந்தவர்களின் கையையே தட்டிப் பறித்த செயல் அது.

மூன்றாவது, மெய்யான பெயரை அதிகாரமற்ற இடத்தில் நிறுத்துவது. நாலு வகையிலும் மிகுந்த ஜனங்களை வீழ்த்துவது இதுவே என்று நான் எண்ணுகிறேன். 2016 மார்ச் 19 அன்று, ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, கூகுளிடமிருந்து வந்ததுபோல் ஓர் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த சுருக்க இணைப்பு கொண்டுபோய்ச் சேர்த்த முகவரியில் 'மைஅக்கவுண்ட், கூகுள், காம்' என்ற பெயர்கள் யாவும் முறையாகவே இருந்தன. ஆனால் 'காம்' என்பதைத் தொடர்ந்து ஒரு சிறு கோடும், பாதுகாப்பு அமைப்புப் பக்கம் என்று பொருள்படும் சொற்களும், பின்னர் 'டிகே' என்னும் ஈறும் வந்தன. வலப்புறமிருந்து வாசித்திருந்தால், கூகுளுக்குச் சம்பந்தமில்லாமல் டோகெலாவ் என்னும் பசிபிக் தீவுகளின் ஈற்றின்கீழ் பதிவான பெயர் அது என்பது விளங்கியிருக்கும். சந்தேகம் எழுந்து விசாரிக்கவும் பட்டது. ஆனால் ஆலோசனை கூறிய உதவியாளர் 'மெய்யானதன்று' என்று எழுத எண்ணி, 'மெய்யானது' என்று பொருள்படுமாறு எழுதிவிட்டதாகப் பின்னர் விளக்கினார். கணக்கு பறிபோயிற்று, கடிதங்கள் உலகின் பார்வைக்கு வந்தன, 2018-இல் ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 12 பேர்மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டும் பதிவாயிற்று. ஒரு பெரும் தேசத்தின் தேர்தல் அரசியலைக் கலக்கிய காரியத்தின் தொடக்கம், ஒரு சாய்கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு இருந்தது என்பதுதான்.

நமக்கு அண்மையிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. போக்குவரத்து அபராதம் செலுத்துவதற்கான மத்திய அரசின் தளத்தில் 'இசலான்', 'பரிவாகன்', 'கவ்', 'இன்' என்னும் நான்கு பெயர்கள் புள்ளிகளால் பிரிந்து நிற்கின்றன. 2023-இல் கண்டறியப்பட்ட போலித்தளமோ முதலிரு பெயர்களையும் சேர்த்தெழுதி, நடுவிலுள்ள 'கவ்' என்பதை விட்டுவிட்டு, 'இன்' என்று முடிந்தது. அரசாங்கத்தைத் தவிர வேறெவருக்கும் கிடைக்காதது அந்த 'கவ்'. அது இல்லாத குறையை, அபராதம் என்ற சொல்லைக் குறுஞ்செய்தியில் கண்டு பதறிய வாகன ஓட்டியின் கண் எவ்வாறு கவனிக்கும்?

நான்காவது, வேற்று லிபியின் எழுத்தைக் கடன் வாங்குவது. முகவரிகளில் நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் சிறு கோட்டுக்குமே இடமிருந்தது. உலகின் பிற மொழியினரும் தம் எழுத்தில் முகவரி அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை எழுந்தபோது, அதற்கான வழி வகுக்கப்பட்டது. அவ்வேளையில், இஸ்ரேலின் டெக்னியான் நிலையத்தைச் சேர்ந்த கப்ரிலோவிச், கோன்ட்மாகர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் மைக்ரோசாப்ட் என்ற பெயரில் இரண்டு எழுத்துகளை ரஷ்ய எழுத்துகளாக மாற்றிப் பதிவு செய்து காட்டி, வரவிருக்கும் அபாயத்தை 2002-இல் எழுதி எச்சரித்தார்கள். ஆங்கில 'ஏ'யின் சிறிய வடிவமும் ரஷ்ய 'அ'வின் சிறிய வடிவமும் காகிதத்தில் ஒன்றே. யூனிகோடில் முன்னதன் எண் 97, பின்னதன் எண் 1072. கண்ணுக்கு ஒன்றாயிருப்பவை இயந்திரத்துக்கு வெவ்வேறு பொருள்கள். இரு லிபிகள் கலந்த பெயர்களைக் கண்டால் உலாவிகள் எச்சரிக்கையாகி, 'எக்ஸ் என்' என்று தொடங்கும் மூலக் குறியீட்டையே காட்டும் வழக்கத்தை மேற்கொண்டன. ஆயினும் 2017 ஏப்ரலில், ஆப்பிள் என்ற பெயரிலுள்ள ஐந்து எழுத்துகளையும் ஒருங்கே ரஷ்ய லிபிக் குடும்பத்திலிருந்தே எடுத்து ஓர் ஆராய்ச்சியாளர் அமைத்துக் காட்டியபோது, கலப்பு ஏதும் இல்லாமையால் அந்தக் காவலும் பயனற்றுப் போயிற்று. குரோம் உலாவி தன் விதியைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

3. கண்ணின் இயல்பும் பூட்டுச் சின்னமும்

இவற்றையெல்லாம் கேட்டபின், ஜாக்கிரதையாகப் பார்க்காதவன் ஏமாறுகிறான், அதற்கு யார் என்ன செய்வது என்று கூறுவோர் உண்டு. இந்த அபிப்பிராயத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். படிக்கக் கற்றவர் எவரும் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை; சொல்லின் எழுத்துகளை ஒருங்கே கண்டு பொருளை உணர்கிறார். பிழையைத் தானே திருத்திக்கொண்டு பொருளை நோக்கி விரைவது கண்ணின் சிறப்பு. அந்தச் சிறப்பையே மோசக்காரர் பலவீனமாக்கிவிடுகிறார்கள். போதாக்குறைக்குக் கைப்பேசியின் குறுகிய திரையில் நீண்ட முகவரியின் ஒரு பகுதியே தெரிகிறது. எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைப் படிப்பவர் தீர்மானிப்பதுமில்லை.

உலாவியில் முகவரிக்கு அருகே பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் பத்திரமானது என்று பல்லாண்டு காலம் ஜனங்களுக்குப் போதிக்கப்பட்டது. அந்தச் சின்னத்துக்கு உண்மையில் உள்ள பொருள், நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் செல்வதைப் பிறர் படிக்க முடியாது என்பது மாத்திரமே. அந்தத் தளம் யோக்கியருடையதா, அயோக்கியருடையதா என்பதைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. 2015-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதற்குரிய சான்றிதழ்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கலாயின; இணையம் முழுவதற்கும் நன்மை விளைத்த அந்த ஏற்பாட்டைப் போலித் தளங்களும் பயன்படுத்திக்கொண்டன. தவறான தைரியத்தை அந்தச் சின்னம் தருகிறது என்பதை உணர்ந்த குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டது. ஆனால் பழைய போதனை இன்னும் ஜனங்கள் மனத்தில் நிற்கிறது.

ஏமாறுவது அறியாமையின் விளைவு மாத்திரம் அன்று என்பதற்கு மறுக்கவொண்ணாத பிரமாணம் ஒன்றைக் கூறுகிறேன். 2017 செப்டம்பரில், அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் என்னும் கடன் தகவல் ஸ்தாபனம், ஏறத்தாழ 14 கோடிப் பேருடைய அந்தரங்க விவரங்கள் களவு போனதை அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ, தன் பழைய முகவரியை விட்டு, தன் பெயரையும் பாதுகாப்பு என்ற சொல்லையும் ஆண்டையும் சேர்த்துப் புதிய முகவரி ஒன்றை அமைத்தது. இத்தகைய பெயரை எவரும் எளிதில் போலி செய்யலாம் என்பதை உணர்த்த, மென்பொருள் வல்லுநர் ஒருவர் அச்சொற்களை முன்பின்னாக மாற்றி ஒரு தளம் அமைத்தார். எக்விஃபாக்ஸின் அதிகாரபூர்வமான ட்விட்டர் கணக்கே அந்த மாற்றுத்தளத்தின் முகவரியைப் பலமுறை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டது. தன் வீட்டு முகவரியைத் தானே அறியாத ஸ்தாபனம், அதை அறியவில்லை என்று பிறரைக் குறை கூற என்ன நியாயம் இருக்கிறது?

4. சட்டமும் காவலும்

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1999-ஆம் ஆண்டில், பெயர்களின் உலக நிர்வாகத்தைக் கவனிக்கும் ஐகேன் அமைப்பு, கெட்ட நோக்கத்துடன் பதிவான பெயரை மீட்பதற்குரிய மத்தியஸ்த முறையை ஏற்படுத்திற்று. 'யாஹூ இந்தியா' என்ற பெயரைப் பதிவு செய்திருந்தவர்மீது யாஹூ நிறுவனம் தொடுத்திருந்த வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் அதே ஆண்டில் தன் முடிவைக் கூறிற்று. இணையத்தைப் பயன்படுத்துவோர் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள், ஆகவே குழம்ப மாட்டார்கள் என்று எதிர்த்தரப்பில் வாதிக்கப்பட்டது. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இணையம் ஒரு சிலருடையதாக இருந்த அந்நாளிலேயே நிராகரிக்கப்பட்ட வாதம், கிராமத்துக் கடைவாசல் வரை இணையம் வந்துவிட்ட இந்நாளில் எவ்விதத்திலும் எடுபடாது. 2004-இல் நமது உச்சநீதிமன்றம், 'சிஃபி' என்ற பெயரோடு ஓர் எழுத்தை இரட்டித்து அமைந்த பெயரைப் பற்றிய வழக்கில், இணையப் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் இச்சட்டங்கள் பெயருக்குரிய வியாபாரியின் உரிமையைக் காப்பதற்கே முக்கியமாக ஏற்பட்டவை. வழக்கு முடியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகின்றன. போலித்தளமோ சில மணி நேரம் வாழ்ந்து, பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிடுகிறது. ஆகவே குற்றம் நிகழ்ந்தபின் வரும் தண்டனையைக் காட்டிலும், குற்றத்துக்கு இடமில்லாத அமைப்பே உயர்ந்தது. அந்த வகையில் இந்திய ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டில் எடுத்த முடிவு பெரிதும் பாராட்டத் தக்கது. நம் நாட்டு வங்கிகள் அனைத்தும் 'பேங்க் புள்ளி இன்' என்னும் ஈற்றுக்கு மாற வேண்டும் என்றும், அந்த ஈற்றின்கீழ்ப் பெயர் வழங்கும் அதிகாரம் ஹைதராபாதிலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கு மட்டுமே உண்டு என்றும், அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் மாற்றம் நிறைவேற வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. வங்கி அல்லாதவர் அந்த ஈற்றை எவ்விலை கொடுத்தும் வாங்க முடியாது. ஆயிரம் எச்சரிக்கைகளை நினைவில் வைப்பதற்குப் பதிலாக, வலக்கோடியிலுள்ள இரண்டு சொற்களை மாத்திரம் பார்த்தால் போதும் என்ற சௌகரியம் இதனால் உண்டாகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டை நாட்டின் ஒவ்வொரு மொழியிலும், ஒவ்வொரு வங்கிக் கிளையின் வாயிலிலும், பாஸ்புக்கின் முதற்பக்கத்திலும் எழுதிக் காட்டினாலன்றி அது ஏட்டளவில் நின்றுவிடும்.

கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருளும் இங்கே நமக்குத் துணை செய்கிறது. அது எழுத்தின் உருவத்தை நோக்காமல் எண்ணை நோக்குவதால், ரஷ்ய 'அ'வைக் கண்டு மயங்குவதில்லை. பழகிய தளத்தில் தானே கடவுச்சொல்லை நிரப்பும் அது, ஒரு நாள் நிரப்பாமல் நின்றால், அங்கே ஏதோ விபரீதம் இருக்கிறதென்று நாம் உணர்ந்து விலகலாம்.

5. தமிழ் எழுத்தில் முகவரி

இந்த அவைக்குத் தனியே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 'இலங்கை', 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்னும் ஈறுகள் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் வழங்கப்பெற்று ஆண்டுகள் பல ஆகின்றன. இது நம் மொழிக்குக் கிடைத்த பெருமை. அதனுடன் ஒரு பொறுப்பும் வந்திருக்கிறது. 'க' என்னும் எழுத்தையும் தமிழ் எண் ஒன்றாகிய '௧' என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதன் யூனிகோடு எண் 2965, பின்னதன் எண் 3047. 'உ'வும் இரண்டாகிய '௨'வும், 'எ'யும் ஏழாகிய '௭'வும், 'அ'வும் எட்டாகிய '௮'வும் அவ்வாறே. 'ஔ' என்று ஓரெழுத்தாக எழுதினாலும், 'ஒ'வையும் 'ள'வையும் தனித்தனியே அடுத்தெழுதினாலும் பார்வைக்கு வேற்றுமை தெரிவதில்லை. தமிழ் 'ஜ'வும் மலையாளத்தின் அதே எழுத்தும் உடன்பிறந்தாரைப் போல் விளங்குகின்றன.

பிராமியிலிருந்து கிளைத்த ஒன்பது இந்திய லிபிகளையும் ஆராய்ந்து, எந்த எழுத்து எதனோடு மயங்கும் என்று வகுக்கும் பணியை ஐகேன் அமைப்புக்காக நியோ-பிராமி வல்லுநர் குழு செய்திருக்கிறது. இணையத்தின் உச்சநிலை ஈறுகளில் எண்களுக்கு இடமே இல்லை. ஆனால் அந்த ஈறுகளின்கீழ் எவ்வெழுத்துகளை அனுமதிப்பது, மயங்கும் பெயர்களை ஒருவருக்கே ஒதுக்குவதா, தடுத்து வைப்பதா என்பனவெல்லாம் அந்தந்தப் பதிவகத்தின் விவேகத்தைப் பொறுத்தவை. ஆங்கில முகவரிகளில் ஜனங்கள் நஷ்டப்பட்ட பின்னரே காவல் வந்தது. தமிழ் முகவரிகள் இன்னும் பெருவழக்காகவில்லை. ஆதலால் நஷ்டம் நேருமுன் காவல் அமைக்கும் அரிய சந்தர்ப்பம் நமக்கு இருக்கிறது. சுவடியிலும் கல்வெட்டிலும் எழுத்து மயக்கங்களை ஆராய்ந்து பழகிய தமிழ்ப் புலமை, கணினி அறிஞரோடு அமர்ந்து செய்ய வேண்டிய தொண்டு இது.

6. கடமைகள்

முடிவாக, யார் யாருக்கு என்ன கடமை என்பதைச் சுருங்கக் கூறி அமைகிறேன். ஒவ்வொரு ஸ்தாபனமும் தனக்கு ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, திட்டத்துக்கொரு பெயர் என்று பெருக்காமல், அதை மாறாமல் பிரயோகிக்க வேண்டும். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் குறுஞ்செய்தியில் இணைப்பை அனுப்பி இதை அழுத்துக என்று கூறும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மெய்யானவர் அவ்வாறு அனுப்பும் வரையில், பொய்யரும் அனுப்புவர், ஜனங்களும் அழுத்துவர். பெயரை விற்பவர்கள், பிரசித்தமான பெயர்களோடு மயங்கும் பெயர் கேட்கப்படும்போதேனும் நின்று விசாரிக்க வேண்டும். பள்ளிகள், முகவரியை முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியில் வலமிருந்து இடமாக வாசிக்கும் பயிற்சியை, வாய்பாட்டைப் போல் இளமையிலேயே கற்பிக்க வேண்டும். பணம் செலுத்துவோர், வந்த இணைப்பின் வழியே செல்லாமல், தாமே குறித்து வைத்துள்ள முகவரியின் வழியே செல்ல வேண்டும். மோசம் நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் கைமாறிச் செல்லுமுன் தடுத்து நிறுத்த வழி உண்டு.

அந்த வெட்கத்தைப் போக்குவது நம் அனைவருடைய கடமை. ஏமாற்றப்பட்டவரை வீட்டாரும் அண்டை அயலாரும் ஏளனம் செய்வதால், எத்தனையோ பேர் வாய்திறவாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் மௌனத்தால் அடுத்தவர் எச்சரிக்கை பெறாமல் போகிறார். குற்றவாளி துணிவு பெறுகிறான். பிறரை நம்புவது சமூக வாழ்வுக்கு ஆதாரமான குணம். அந்தக் குணத்தைக் குற்றமென்று தூற்றாமல், அதற்குத் தகுதியுள்ள பெயர்களை அமைத்துக் காப்பதே நாகரிகமுள்ள நாட்டின் லட்சணம்.